பச்சை என்றால் நில்

ஊருலகில் பச்சை என்றால் போ.
என் கையுறைக்குள் இருக்கும் இந்தக் கண்ணாடிக் குழாயில் மட்டும்
பச்சை என்றால் நில், இறங்கு, சாவியைக் கொடு.

ஷெட்லாந்து, ஜனவரி, எழுபத்து நான்கு.
லெர்விக்குக்குத் தெற்கே கடலோரச் சாலை.
மூன்றரை மணிக்கே கடையைக் கட்டிவிட்ட சூரியன்.
மழை என்று சொல்ல முடியாது,
காற்று கடலை அள்ளி அள்ளி முகத்தில் அறைந்துகொண்டிருந்தது.
நடுக்கோட்டை நூல் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு
மெதுவாக, மிக மெதுவாக ஒரு மாரிஸ் கார்.
பறக்கிறவர்களைவிட
இப்படி ஊர்கிறவர்களைத்தான் நாங்கள் நிறுத்துவோம்.

கண்ணாடியை இறக்கினார். கிடியன் மோவட்.
பிறப்பு இறப்புப் பதிவாளர்.
காலையில்தான் பார்த்தேன் அவரை.

குழாயின் இரு முனையையும் ஒடித்து, பையை மாட்டி,
ஒரே மூச்சில் ஊதுங்கள் என்றேன்.
உள்ளே மஞ்சள் பரல்கள், கடுகைவிடச் சற்றுப் பெரியவை,
குரோமியம் குடியிருக்கும் பரல்கள்.
அபர்தீனில் ஒரு வருடம் வேதியியல் படித்துப்
பாதியில் விட்டவள் நான். அதனால் தெரியும்:
விஸ்கி கொடுக்கும், குரோமியம் வாங்கும்,
எலக்ட்ரான் எலக்ட்ரானாக, ஆளுக்கு மூன்று.
வாங்கிக்கொள்வதற்கு அந்தப் பாடத்தில்
ஒடுக்கம் என்று பெயர்.
பெற்றவன் எப்படி ஒடுங்குவான் என்று
கையைத் தூக்கிக் கேட்டேன் ஒருநாள்;
வகுப்பே சிரித்தது.

பச்சை வாய்ப்பக்கத்திலிருந்து கிளம்பியது.
கோட்டைத் தொட்டது.
டார்ச்சின் வெளிச்சமும் மஞ்சள்தானே,
ஒருவேளை அதனால் இருக்குமோ என்று
அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்தேன்.
கோட்டைத் தாண்டியது.

காலையில் அவர் மேசையில் வேறோர் உலோகம் இருந்தது.
மாசிக்காய்ச் சாற்றில் கரைந்த இரும்பு,
பதிவேட்டுக்கென்றே வாங்கி வைக்கும் மை.
டிஸ்டி என்ற படகில் போன மூன்று பேருக்கு
மூன்று பக்கம் எழுதினார்.
டாமஸ் இஸ்பிஸ்டர். அவர் மருமகன்.
பிறகு லாரி ஹால்க்ரோ, வயது இருபத்திரண்டு.
தகவல் தந்தவர்: அக்கா.
கையெழுத்துப் போட்டேன்.
பல தடவை துவைத்த சட்டை மாதிரி
வெளிறிக் கிடந்தது என் பெயர்.
மை சரியில்லையா என்றேன்.
"காற்றுப் படட்டும். நாளைக்குள் கறுத்துவிடும்."

அதுவும் தெரியும் எனக்கு. இங்கே இரும்பு கொடுக்கும்,
காற்று வாங்கும்.
கறுத்த பிறகு எத்தனை தண்ணீரிலும் கரையாது.
எத்தனை தண்ணீரிலும்.

இன்று ஓய்வெடு என்றார் சார்ஜென்ட்.
வேலை கொடுங்கள் என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

அபர்தீனில் ஒருமுறை வெனடியம் காட்டினார்கள்.
துத்தநாகம் போட்டுக் குலுக்கக் குலுக்க
மஞ்சள் போய் நீலம், நீலம் போய்ப் பச்சை,
கடைசியில் யாரோ சாயங்காலத்தைக் கரைத்துவிட்ட மாதிரி ஊதா.
மூடியைத் திறந்து வைத்தால்
வந்த வழியே மெல்லத் திரும்பும் அது.
முழுக்க அல்ல, நீலம் வரைக்கும்.
அந்தக் குடுவையை விடுதிக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன்.
அதற்கும் சிரித்தார்கள்.

மோவட்டைப் பின்னிருக்கையில் உட்கார வைத்தேன்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார், தேவாலயத்தில் போல.
விளக்குகள் வரும்வரை இருவரும் பேசவில்லை.
பிறகு என் பிடரியைப் பார்த்துச் சொன்னார்:

"புத்தகத்தை ஈரத்தோடு மூடிவிட்டேன், ராபினா.
ஒற்றுத்தாள்கூட வைக்கவில்லை.
உன் தம்பி பக்கத்துக்கு
காற்றே போகாமல் இருக்கட்டும் என்று."

மூடிய இரண்டு பக்கங்களுக்கு நடுவே
எவ்வளவு காற்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
போதுமான அளவு இருக்கும்.

கியரை மாற்றினேன்.
நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன்.